வாரண்டி முடிந்த பிறகும் உரிமை உண்டு

திரையின் மேல் முனையிலிருந்து கீழ் முனை வரை தலைமுடி கனத்தில் ஒரு பச்சைக் கோடு. போன் கீழே விழவில்லை, தண்ணீர் படவில்லை. முந்தின இரவு வந்த அப்டேட்டைப் போட்டதோடு சரி. சர்வீஸ் சென்டரில் போனை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, "வாரண்டி முடிஞ்சிருச்சு சார், டிஸ்ப்ளே மாத்தணும்" என்று ஒரு தொகையைச் சொல்கிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒன்பிளஸ் 8 ப்ரோ, 8டி, 9, 9ஆர் போன்ற மாடல்களை வைத்திருந்த பலர் சொன்ன புகார் இது.

அந்த நிறுவனத்தின் இந்தியத் தலைமையகம் பெங்களூருதான். 2014 டிசம்பரில் இந்தியாவில் விற்பனை தொடங்கியபோது அழைப்பு கிடைத்தவர்கள் மட்டுமே போனை வாங்க முடிந்தது. காத்திருந்து வாங்கியவர்கள் அதை நண்பர்களுக்கும் சிபாரிசு செய்தார்கள். அதே மாதம், போனில் இருந்த சயனோஜென் மென்பொருளின் இந்திய உரிமை மைக்ரோமேக்ஸுக்குப் போயிருந்ததால் டெல்லி உயர் நீதிமன்றம் விற்பனைக்குச் சிறிது காலம் தடை விதித்தது. ஒப்பந்தம் போட்டவை நிறுவனங்கள். இனி அப்டேட் வருமா என்று தவித்தவர்கள் காசு கொடுத்தவர்கள். 2021-இல் ஒன்பிளஸ் ஓப்போவுடன் இன்னும் நெருக்கமாக இணைந்தது. மென்பொருளின் அடித்தளமும் மாறியது. அந்த மென்பொருளுக்காகவே வாங்கியவர்களின் ஏமாற்றம் நியாயமானது. 2024 மே முதல் ஒன்பிளஸ் போன்களை விற்க மாட்டோம் என்று தென்னிந்தியச் சில்லறை விற்பனையாளர் சங்கம் அறிவித்தது. லாப விகிதம் குறைவு, வாரண்டி கோரிக்கைகள் இழுபடுகின்றன என்பது அவர்கள் குறை. கடைக்காரர்களுக்குச் சங்கம் இருக்கிறது. தனி ஆளாக நிற்கும் வாடிக்கையாளருக்குத் துணை, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்.

ஆனால் எல்லா ஏமாற்றத்தையும் வழக்காக்க முடியாது. அடுத்த மாடலில் நமக்குப் பிடித்த பட்டனை எடுத்துவிட்டார்கள், விலையை ஏற்றிவிட்டார்கள் என்பதெல்லாம் நிறுவனத்தின் வியாபார முடிவு. விற்கும்போது கொடுத்த வாக்கை மீறினால், பொருளில் குறை இருந்தால், சேவையில் அலட்சியம் இருந்தால், விளம்பரம் தவறாக வழிநடத்தினால் சட்டம் நம் பக்கம் வரும். "நான்கு வருடம் அப்டேட்" என்று எழுதியிருந்தால் அது வாக்குதான். வாங்கும் அன்றே அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பிறகு அந்தப் பக்கம் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது.

அப்டேட்டும் சட்டத்துக்கு அப்பாற்பட்டதல்ல. பழைய போன்களின் வேகத்தை அப்டேட் குறைத்தது என்பதற்காக 2018-இல் இத்தாலி ஆப்பிளுக்கு 1 கோடி யூரோவும் சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோவும் அபராதம் விதித்தது. இந்தியாவிலும், ஐஓஎஸ் 18 போட்ட பிறகு ஐபோன்களில் சிக்கல் என்ற புகார்களை வைத்து, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆப்பிளுக்கு நோட்டீஸ் அனுப்பியதாக 2025 ஜனவரியில் மத்திய அமைச்சர் அறிவித்தார்.

பச்சைக் கோடு விஷயத்திலும் புகார்கள் குவிந்த பிறகுதான் ஒன்பிளஸ் இறங்கி வந்தது. முதலில் சில மாடல்களுக்கு, பிறகு 2024 இறுதியில் இந்தியாவில் தன் எல்லா போன்களுக்கும், பச்சைக் கோட்டுக்கு ஆயுட்கால வாரண்டி என்று அறிவித்தது. இது தெரியாமல் கவுன்டரில் பணம் கட்டிவிடாதீர்கள். இந்த வாரண்டி உங்களுக்கு இல்லை என்று சொன்னால், ஏன் இல்லை என்று எழுத்தில் கேளுங்கள்.

எழுத்தில் என்பதைத்தான் நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சர்வீஸ் சென்டர் தரும் ஜாப் ஷீட்டில் தேதி, ஐஎம்இஐ எண், நீங்கள் சொன்ன குறை எல்லாம் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே நின்று படியுங்கள். "விழுந்ததால் சேதம்" என்று அவர்களாக எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். போனை ஒப்படைக்கும்முன் நான்கு பக்கமும் படம் எடுங்கள், தகவல்களைச் சேமித்துக்கொள்ளுங்கள். உற்பத்திக் குறை என்று நிரூபிக்க முடியாமல் தோற்கும் வழக்குகள் உண்டு. அப்போது கை கொடுப்பது இந்தக் காகிதங்கள்தான். தேவைப்பட்டால் வழக்கை விசாரிக்கும் நுகர்வோர் ஆணையம் பொருளை ஆய்வகத்துக்கும் அனுப்பலாம்.

இன்னொரு ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். கஸ்டமர் கேர் எண்ணை இணையத்தில் தேடி, முதலில் வருவதை அழைத்துப் பணம் இழந்தவர்கள் ஏராளம். நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் உள்ள எண்ணை மட்டும் நம்புங்கள். ஏமாந்துவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

நிறுவனம் பதில் சொல்லாவிட்டால் அடுத்தது 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலும் பேசலாம். அவர்கள் நிறுவனத்திடம் பேசித் தீர்க்க முயல்வார்கள், உத்தரவிடும் அதிகாரம் கிடையாது. அந்த அதிகாரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு உண்டு. குறையைச் சரிசெய்யவும், வேறு போன் தரவும், பணத்தைத் திருப்பித் தரவும், இழப்பீடு கொடுக்கவும் உத்தரவிடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே மனு போடலாம். ஒரே குறையால் பாதிக்கப்பட்ட பலர் ஆணையத்தின் அனுமதியோடு ஒரே மனுவாகவும் போகலாம். மூன்று முதல் ஐந்து மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் இழுக்கும், அதற்கு மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள்.

சின்ன விஷயத்துக்கு இவ்வளவு அலைச்சலா என்று தோன்றலாம். பெங்களூரு சஞ்சய் நகர்க்காரர் ஒருவர் 2023 டிசம்பரில் 24,598 ரூபாய்க்கு ஒன்பிளஸ் நார்டு சிஇ 3 வாங்கினார். பயனர் கையேடு இல்லை. வாரண்டி விவரமும் நிறுவன முகவரியும் தெரியாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். கையேடு வந்தது 2024 ஏப்ரலில். அவர் ஆணையத்துக்குப் போனார். 5,000 ரூபாய் இழப்பீடும், வழக்குச் செலவுக்கு 1,000 ரூபாயும் தரச் சொல்லி 2024 நவம்பரில் உத்தரவு வந்தது. ஒரு கையேட்டுக்கே இந்தப் பதில் கிடைக்கும்போது, திரையே போனவர்கள் தயங்க வேண்டியதில்லை.

போனை ஆன்லைனில் வாங்கியிருந்தாலும், விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஓசூரில் வீடு, எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை என்றால் இரண்டில் எது வசதியோ அது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு போய்ச் சேர வேண்டும். "அடுத்த வாரம் பார்ட்ஸ் வந்துரும்" என்று அவர்கள் சொல்லிக்கொண்டிருக்கும் வாரங்களும் அந்தக் கணக்கில்தான் ஓடுகின்றன.