வைக்கோற் கிருமியின் வித்தியைக் காணும் முறை

ஓர்ஸ் ஹில்லில் மாடு வளர்ப்போர் தொழுவத்தில் ஒரு பிடி வைக்கோலேனும் இல்லாதிராது. அதை நீரிலிட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, வடித்து, மூடி வைத்தால், மூன்று நான்கு நாளில் மேலே ஆடை படியும். கொதிநீரிலும் மடியாத பற்றீரியாவே அவ்வாடை. அது தப்புவது வித்தி எனப்படும் தடித்த உறையுள் அடங்கியிருப்பதனால் என்பதை 1876ஆம் ஆண்டில் யேர்மன் அறிஞர் பேர்டினன்ட் கோன் விளக்கினார். மாடுகளைக் கொல்லும் அந்திராக்ஸ் கிருமியும் இவ்வகையினதே என்று அவ்வாண்டிலேயே றொபேட் கொக் காட்டினார்.

வித்தியின் உறை சாதாரணச் சாயத்தை ஏற்காது. 1933இல் ஷேபர், புல்ட்டன் என்போர் வெளியிட்ட முறையே பாடசாலை ஆய்வுகூடங்களுக்கு ஏற்றது. ஒரு வாரம் சென்ற ஆடையிற் சிறிது எடுத்து, கண்ணாடி வழுக்கியில் மெல்லப் பூசி உலர்த்தி, சுடரின்மேல் இருமுறை காட்டவேண்டும். அதன்மேல் ஒற்றுத்தாள் துண்டை வைத்து, நூற்றுக்கு 5 வீத மலகைற்றுப் பச்சைக் கரைசலால் நனைத்து, கொதிநீராவியில் ஐந்து நிமிடம் வைக்கவேண்டும். தாள் உலரலாகாது, குறையக் குறையச் சாயம் சேர்க்க. வெப்பமே சாயத்தை உறையுட் புகச் செய்கிறது. வழுக்கி ஆறியபின்பே நீரால் கழுவுதல் வேண்டும்; சூட்டோடு கழுவினாற் கண்ணாடி வெடிக்கும். நீர் கிருமியுடலின் பச்சையை நீக்கிவிடும். வித்தியினுட் புகுந்த பச்சை வெளியேறாது. பின்னர் 0.5 வீத சபிரனின் சாயத்தை அரை நிமிடம் இட்டுக் கழுவி உலர்த்துக. ஆயிரம் மடங்கு பெருக்கும் நுணுக்குக்காட்டியில், சிவந்த கோல்களினிடையே பச்சை முட்டைகள்போல வித்திகள் தோன்றும். மாணவர் பலர் ஒன்றுங் காணாது சலிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் ஆடை இளமையானதாயிருப்பதே. உணவு குன்றிய பின்னரே கிருமி வித்தியாகும்.

அந்திராக்ஸ் ஐயத்தில் இம்முறை பயன்படாது. உயிருள்ள மாட்டின் இரத்தத்தில் அக்கிருமி வித்தியாவதில்லை. காற்றுப் பட்டபின்பே ஆகும். ஆதலின் மிருக வைத்தியர் மெதிலீன் நீலச் சாயமே கொள்வர். திடீரென இறந்த மாட்டின் மூக்கிலும் குதத்திலும் உறையாத கரிய இரத்தம் கசிந்தால், தோலுரித்தலும் வெட்டுதலும் கூடா. வெட்டினாற் காற்றுப் புகும். சிந்திய இரத்தம் மேய்ச்சல் நிலத்தை வித்திகளால் நிரப்பும். ஸ்கொட்லாந்தின் குருயினாட் தீவில் 1942இல் பரிசோதனைக்காகப் பரப்பப்பட்ட வித்திகளால், 1990வரை அத்தீவு மூடப்பட்டிருந்தது.

இறந்த உடலை அதிகாரியின் மேற்பார்வையில் எரித்தலே சிறந்தது. இயலாவிடின் ஆழப் புதைக்கவேண்டும். குழியிற் சுண்ணாம்பிடும் பழைய வழக்கம் இன்று தவிர்க்கப்படுகிறது. அதிலுள்ள கல்சியம் வித்திகள் நிலைத்திருக்கவே உதவக்கூடும்.