டவர் இல்லாத இடத்தில் ஒரு மெசேஜ்

டீ வரட்டும். அதற்குள் ஒன்று கேட்கிறேன். இதே பெஞ்சில் நீங்கள் அந்த ஓரம், நான் இந்த ஓரம். ‘சர்க்கரை கம்மியா சொல்லட்டுமா?’ என்று உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். அது எந்த வழியாக வரும்? நடுவிலிருக்கும் இரண்டடியைத் தாண்டி நேராக வந்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வராது. என் போனிலிருந்து தெருமுனை டவருக்குப் போகும். அங்கிருந்து மண்ணுக்கடியில் கேபிள். பிறகு எங்கேயோ ஒரு சர்வர். மறுபடி கேபிள், மறுபடி அதே டவர், கடைசியில் உங்கள் சட்டைப் பை. நடுவில் ஏதாவது ஒன்று படுத்துக்கொண்டால் நாம் இரண்டு பேரும் வாயைத் திறந்துதான் பேசியாக வேண்டும்.

படுத்துக்கொள்வதும் இரண்டு விதம். புயல், வெள்ளத்தில் டவருக்குக் கரண்ட் போவது ஒன்று. அரசே நிறுத்தச் சொல்வது இன்னொன்று. காஷ்மீரில் 2019 ஆகஸ்டில் நின்ற மொபைல் இணையம் 2020 ஜனவரியில் 2ஜியாக லேசாக எட்டிப் பார்த்தது. எல்லா இடத்திலும் 4ஜி திரும்புவதற்கு 2021 பிப்ரவரி ஆகிவிட்டது.

ஆனால் டவர் போனாலும் போனுக்குள் இருக்கும் ரேடியோ போய்விடுவதில்லை. காதில் மாட்டும் ஹெட்செட் எந்த டவரைக் கேட்டுக்கொண்டு பாடுகிறது? ப்ளூடூத் என்பது 1994இல் சுவீடனின் எரிக்சன் நிறுவனத்தில் தொடங்கிய வேலை. போனுக்கும் அதன் துணைக்கருவிகளுக்கும் நடுவே தொங்கும் வயரை ஒழிப்பதுதான் நோக்கம். வயருக்குப் பதில் வந்தது என்பதால் வயர் நீளத்துக்கு எட்டினால் போதும், பேட்டரியும் தீரக்கூடாது என்று சக்தியைக் குறைத்தே வைத்தார்கள். வழக்கமான போன்களில் அது 2.5 மில்லிவாட் அளவு, எட்டுவது சுமார் 10 மீட்டர். நோக்கியா போனை நோக்கியா போனோடு ஒட்டிவைத்துப் பாட்டு ஏற்றிக்கொண்ட தலைமுறைக்கு இதை நான் சொல்லவேண்டியதில்லை. ஒரு பாட்டு ஏறி முடிவதற்குள் ஒரு டீயே குடித்துவிடலாம். அந்தக் காலத்து ப்ளூடூத்தில் வைரஸும் ஏறிவரும். 2004இல் கேபிர் என்ற ஒன்று அப்படித்தான் போனுக்குப் போன் தாவியது.

சரி, வெறும் 10 மீட்டரை வைத்துக்கொண்டு ஒரு ஊரே பேசிக்கொள்வது எப்படி?

கூட்டமான டவுன் பஸ்ஸில் முன்படியில் ஏறிவிட்டீர்கள். கண்டக்டர் பின்னால் அவர் சீட்டில். நீங்கள் நகரவும் முடியாது, அவரும் வரமாட்டார். காசைப் பக்கத்தில் நிற்பவரிடம் கொடுத்து ‘ஒரு தாம்பரம், பாஸ் பண்ணுங்க’ என்கிறீர்கள். பெயர் தெரியாத ஏழெட்டுக் கைகள் மாறி காசு போகிறது. அதே கைகள் வழியாக டிக்கெட்டும் மீதிச் சில்லறையும் திரும்பி வருகின்றன. ‘மெஷ்’ என்று பொறியாளர்கள் சொல்வது இதைத்தான். உங்கள் மெசேஜை, அதே செயலி இருக்கும் பக்கத்துப் போன் வாங்கி அடுத்த போனுக்குத் தரும், அது அதற்கடுத்த போனுக்கு. அந்தப் போன்களின் சொந்தக்காரர்களுக்கு இப்படி ஒன்று கைமாறுவதே தெரியாது.

ஒரு இடத்தில் மட்டும் பஸ் உதவாது. பஸ்ஸில் கண்டக்டர் எந்தப் பக்கம் இருக்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும். போனுக்குத் தெரியாது. அதனால் அது எட்டிய போன்களுக்கெல்லாம் ஒரு நகல் கொடுத்துவிடுகிறது, அவையும் அப்படியே. இப்படியே விட்டால் ஒரே மெசேஜ் சுற்றிச் சுற்றி வந்து எல்லாப் போனையும் மூச்சுத் திணறவைக்கும். அதற்கு இரண்டு கடிவாளம். ஒவ்வொரு மெசேஜுக்கும் ஒரு அடையாள எண் உண்டு. ஏற்கெனவே பார்த்த எண் மறுபடி வந்தால் போன் அதைக் கண்டுகொள்ளாது. இரண்டாவது, எத்தனை கை மாறலாம் என்ற வரம்பு. ஒவ்வொரு கையிலும் அது ஒன்று குறையும், பூஜ்யமானால் மெசேஜ் அங்கேயே நின்றுவிடும். ட்விட்டரை நிறுவியவர்களில் ஒருவரான ஜாக் டார்சி 2025 ஜூலையில் வெளியிட்ட பிட்சாட் செயலியில் அந்த வரம்பு 7.

இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. ப்ளூடூத் ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். தண்ணீர் அதை உறிஞ்சும், மனித உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். ஆகவே கூட்டத்துக்குள் சிக்னல் எட்டும் தூரம் குறைகிறது. ஆனால் அதே கூட்டத்தில்தான் அடுத்த போன் கை நீட்டும் தூரத்தில் இருக்கிறது. உண்மையில் தூரத்தைக் கடப்பது ரேடியோ அல்ல, கூட்டம். இந்தத் தொழில்நுட்பத்தின் பலம், பலவீனம் இரண்டும் இந்த ஒன்றில் அடக்கம் என்பது என் எண்ணம்.

கூட்டத்துக்கு உலகமே பார்க்கக் கிடைத்த உதாரணம் ஹாங்காங். 2014 செப்டம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை, போராட்டக்காரர்கள் மீது போலீஸ் கண்ணீர்ப்புகை வீசியது. நெட்டை நிறுத்திவிடுவார்கள் என்ற பேச்சு பரவியது. மாணவர்கள் ஃபயர்சாட் என்ற செயலியை இறக்கச் சொன்னார்கள். அதே ஆண்டு மார்ச்சில்தான் சான் ஃபிரான்சிஸ்கோ நிறுவனம் ஒன்று அதை வெளியிட்டிருந்தது. ஏறக்குறைய ஒரே நாளில் ஹாங்காங்கில் ஒரு லட்சம் டவுன்லோடு. கடைசியில் அரசு நெட்டை நிறுத்தவில்லை. அத்தனை பேர் ஒரே சாலையில் நின்றதில் டவர்தான் திணறியது. செயலிக்குப் பெயர் வந்தது, ஆனால் அதில் ஒரு சங்கடம்: அன்றைய ஃபயர்சாட்டில் பேசியதெல்லாம் பொது அரங்கில் பேசியது மாதிரி. பக்கத்தில் நிற்கும் யார் வேண்டுமானாலும் படிக்கலாம், மஃப்டி போலீஸ் உட்பட. உண்மைப் பெயரைப் போடாதீர்கள் என்று நிறுவனமே எச்சரிக்க வேண்டிவந்தது.

பஸ்ஸில் பத்து ரூபாய் நோட்டை நாலு பேர் பார்த்தால் பரவாயில்லை. கடிதம் என்றால் உறையில் போட்டு ஒட்டித்தானே கொடுப்போம்? இங்கே உறை என்பது மறையாக்கம். 2019இல் ஹாங்காங் மறுபடி கொதித்தபோது பலர் பிரிட்ஜ்ஃபை என்ற செயலிக்குப் போனார்கள். உறை இருக்கிறது என்று நம்பித்தான் போனார்கள். லண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராயல் ஹாலோவே ஆய்வாளர்கள் 2020 ஆகஸ்டில் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னது கலங்கடித்தது. யார் யாரோடு பேசுகிறார் என்று கண்டுபிடிக்கலாம், இன்னொருவர் போல நடிக்கலாம், தனிப்பட்ட மெசேஜையும் படிக்கலாம். 1998 முதலே ஊரறிந்த ஒரு தாக்குதல் முறையே அதற்குப் போதுமானதாக இருந்தது. எனக்குப் பெரிய அதிர்ச்சி இன்னொன்று. சுருக்கி அனுப்பிய ஒரு பொடி மெசேஜ், போனுக்குள் விரியும்போது பூதாகாரமாகி செயலியை உறையவைத்துவிடும். உறைவதற்கு முன் அந்தப் போன் அதை அடுத்த போனுக்கும் தந்திருக்கும். கைமாற்றும் குணமே வினையாகிவிட்டது.

2020 அக்டோபரில் பிரிட்ஜ்ஃபை நிறுவனம் சிக்னல் செயலியின் மறையாக்க முறையைச் சேர்த்துக்கொண்டது. 2021 பிப்ரவரியில் மியான்மரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது மக்கள் மறுபடி அதே செயலியைத் தேடிப் போனார்கள். 2022இல் வேறொரு ஆய்வு வந்தது: நல்ல பூட்டுதான், பொருத்திய விதம் சரியில்லை.

ப்ரையர் என்ற செயலியின் வழி வேறு. முன்பின் தெரியாத கைகளில் அது எதையும் கொடுக்காது. நீங்கள் சேர்த்துவைத்த ஆட்களின் போன் பக்கத்தில் வந்தால் மட்டும் பேசும். நெட் இல்லாதபோது ஒருவரைச் சேர்க்கவேண்டும் என்றால் இருவரும் நேரில் நின்று ஒருவர் க்யூஆர் கோடை மற்றவர் ஸ்கேன் செய்யவேண்டும். பாதுகாப்பு கூடுகிறது, எட்டும் தூரம் சுருங்குகிறது. 2023 மே மாதம் இந்திய அரசு தடுத்த 14 மெசேஜ் செயலிகளில் ப்ரையரும் உண்டு. ஜம்மு காஷ்மீரில் தீவிரவாதிகள் பயன்படுத்துகிறார்கள் என்பது காரணம். நெட்டே வேண்டாத செயலியை நெட்டில் தடுப்பதில் ஒரு முரண் இருக்கத்தான் செய்கிறது. ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்குத் தன்னையே கொடுக்கும் வசதி அதற்குள்ளேயே இருக்கிறது.

‘அப்படியானால் வெள்ளத்துக்கு ஆகுமே’ என்பீர்கள். அங்கேதான் நான் தயங்குகிறேன். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது போன்கள் செத்துக் கிடந்தன. அப்போது இப்படி ஒரு மெஷ் செயலி எல்லோரிடமும் இருந்ததாகவே வைத்துக்கொள்வோம். ஆட்கள் மொட்டை மாடியில், வீட்டுக்கு வீடு நடுவில் தண்ணீர், போனில் சார்ஜ் இல்லை. கூட்டம் கலைந்த இடத்தில் மெஷ் கிடையாது. நிவாரண முகாமுக்குள் ஓடும், தெருவுக்குத் தெரு ஓடாது. போதாக்குறைக்கு ஐபோன், பின்னணியில் கிடக்கும் செயலியை ப்ளூடூத்தில் தாராளமாகக் கூவவிடாது. திரையை அணைத்துப் பைக்குள் போட்டால் அந்தக் கை பாதி மடங்கின மாதிரிதான்.

அந்த மாதிரி நேரத்துக்கு நான் நம்புவது வேறு ஒன்றை. லோரா என்ற ரேடியோ முறை வேகத்தைத் தியாகம் செய்து தூரத்தை வாங்குகிறது. இந்தியாவில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தலாம். உள்ளங்கையளவு கருவியைப் போனோடு இணைத்து, மெஷ்டாஸ்டிக் என்ற மென்பொருளைப் போட்டால், மறைப்பில்லாத இடத்தில் கிலோமீட்டர் கணக்கில் எட்டும். போட்டோவெல்லாம் போகாது. ‘அம்மாவுக்கு மருந்து வேண்டும், இரண்டாவது மாடி’ என்கிற அளவுக்குப் போகும். தனியாகக் கருவி வாங்கவேண்டும் என்பதுதான் கஷ்டம்.

போன் மட்டும் போதும் என்றால், வீட்டில் ஒருமுறை சோதித்துவிடுங்கள். இரண்டு போனில் ஒரே மெஷ் செயலி. இரண்டையும் ஏர்ப்ளேன் மோடில் போட்டு ப்ளூடூத்தை மட்டும் திரும்ப ஆன் செய்யுங்கள். ஒருவர் கூடத்தில் உட்காரட்டும், மற்றவர் அனுப்பிக்கொண்டே படியேறட்டும். எந்தப் படியில் நின்றுபோகிறது என்று பாருங்கள். பிறகு மூன்றாவது போனை மாடிப்படி நடுவில் வைத்துவிட்டு மறுபடி ஏறச் சொல்லுங்கள்.