சூளை இல்லாமல் செங்கல்!

பெங்களூரில் வீடு கட்டுகிறவர்கள், கடைக்கால் தோண்டிய மண்ணை லாரி பிடித்து வெளியே கொட்டுகிறார்கள். பிறகு சூளைச் செங்கல்லை லாரி பிடித்து உள்ளே கொண்டு வருகிறார்கள். இரண்டுக்கும் வாடகை!

தோண்டிய மண்ணிலேயே சுவர் எழுப்பலாம் என்று காட்டியது இந்திய விஞ்ஞானக் கழகம். அங்கு 1974-ம் ஆண்டு தொடங்கிய 'அஸ்த்ரா' பிரிவு, மண் கல்லை ஆராய்ந்து பரப்பியது.

செய்முறை எளிது. மண்ணைச் சலித்து, களி அதிகம் இருந்தால் மணல் சேர்க்க வேண்டும். 100 கிலோவுக்கு 5 முதல் 8 கிலோ சிமெண்டு. ஈரம் தெளித்து, கை எந்திரத்தில் அழுத்தினால் கல் தயார். விறகு, நிலக்கரி எதுவும் எரிவதில்லை.

மழையில் கரையாதா? வெறும் பச்சைக்கல் கரையும். சிமெண்டு சேர்ந்த கல் தாங்கும். ஆனால் 3 வாரமாவது தண்ணீர் தெளித்து வரவேண்டும். அவசரப்பட்டால் கல் உதிரும்.

சேலம், தர்மபுரியில் இருந்து இங்கு வந்து கொத்து வேலை செய்யும் தமிழர்கள் பலர். மற்றவர்களுக்கு மாடி கட்டும் அவர்களது கனவு, ஊரில் ஒரு சொந்த வீடு.

அவர்கள் செங்கல் விலை கேட்கும் முன், ஊர் மண்ணைக் கொஞ்சம் பாட்டிலில் போட்டு, தண்ணீர் விட்டுக் குலுக்கி வைக்கட்டும். மணல் அடியில் தங்கும், களி மேலே நிற்கும். மணல் பெரும்பங்கு இருந்தால், பாதிச் சுவர் காலடியிலேயே கிடக்கிறது!