தேயிலையைக் குறை கூறுமுன்

சென்ற வருடம் உம்மும்மா எங்கள் வீட்டோடு வந்து சேர்ந்தார். அஸர் தொழுகை முடிந்ததும் அவருக்கு ஒரு கோப்பை பிளேன்டி வேண்டும். அதை ஊற்றிக் கொடுப்பது என் பொறுப்பு. முதல் வாரத்திலேயே ஒன்றைக் கவனித்தேன். பாதியைக் குடித்துவிட்டு மீதியை அப்படியே வைத்துவிடுவார். கேட்டால், “போதும் மகள், வயசு போயிட்டுதானே” என்பார். உம்மா பயந்து போனார். சீனி வருத்தம் ஏதும் கூடிவிட்டதோ என்று வைத்தியரிடம் கூட்டிப் போனோம். எல்லாம் சரியாகவே இருந்தது. வாப்பா தேயிலையில்தான் குறை என்று சொல்லி வேறு கடையில் வாங்கி வந்தார். அப்போதும் பாதிக் கோப்பை மீதியாகவே திரும்பி வந்தது.

ஒரு மழைநாளில்தான் காரணம் தெரிந்தது. வழக்கம்போலத் தேயிலைத் தூளைக் கேத்தலுக்குள் போட்டு அடுப்பில் கொதிக்க விட்டிருந்தேன். ஏதோ எடுக்கக் குசினிக்குள் வந்த உம்மும்மா சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “தேயில எறச்சியா மகள், போட்டு வேக வெக்க?”

இத்தனை நாளும் அவர் வாய் திறக்காதது என் மனம் நோகக் கூடாது என்பதற்காகத்தான். அன்று அவரிடம் கற்றதையும், அதற்கான காரணங்களை உயர்தர விஞ்ஞானப் பாடங்களின் துணையோடு விளங்கிக்கொண்டதையும் தோழியருக்கும் பெற்றோருக்கும் இங்கே எழுதுகிறேன்.

இலையின் கதை

எங்கள் ஊரான கம்பளையைச் சுற்றித் தேயிலை மலைகள்தான். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்பவர் கண்டி மாவட்டத்து லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலையை வர்த்தகப் பயிராக நட்டார். பின்னர் இலைத்துரு நோயால் கோப்பிப் பயிர் அழிந்தபோது மலைநாடு முழுவதும் தேயிலைக்கு மாறியது. இன்றும் பெண்கள் சரிவுகளில் நின்று இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கொழுந்தைக் கையால் கிள்ளுகிறார்கள். ஒரு கிலோ தேயிலைக்கு ஏறத்தாழ நான்கரை முதல் ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும்.

தொழிற்சாலையில் கொழுந்தை வாட்டி உருட்டும்போது இலையின் கலங்கள் உடைகின்றன. அதிலுள்ள பொலிபீனோல்களை நொதியங்கள் காற்றிலுள்ள ஒட்சிசனைக் கொண்டு ஒட்சியேற்றுகின்றன. பச்சை நிறம் செம்பழுப்பாவதும் தேநீரின் நிறமும் மணமும் பிறப்பதும் இந்த நேரத்தில்தான். பிறகு சூடான காற்றில் உலர்த்தி, சலித்து, பருமன்படி பிரிக்கிறார்கள்.

பெட்டியில் எழுதியிருக்கும் பீ.ஓ.பீ., பீ.ஓ.பீ.எப்., டஸ்ட் முதலிய பெயர்கள் பெரும்பாலும் இந்தப் பருமனையே குறிக்கின்றன. ஓ.பீ. நீண்ட இலை, பீ.ஓ.பீ. உடைந்த இலை, பீ.ஓ.பீ.எப். அதைவிடச் சிறியது, டஸ்ட் எல்லாவற்றிலும் நுண்ணியது. டஸ்ட் என்றால் கழிவு என்று நானும் நினைத்திருந்தேன். அது தவறு. துணிக்கை சிறிதானால் மொத்த மேற்பரப்பளவு கூடும். ஆகவே சாயம் விரைவில் இறங்கும். பெரிய இலைக்கு நேரம் வேண்டும். வாங்கும்போது இதை மனதில் வைத்தால் போதும்.

அளவு, சூடு, நேரம்

உம்மும்மாவின் பாடம் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும்.

அளவு: ஒரு கோப்பைக்கு ஒரு தேக்கரண்டி. தேயிலையைச் சுவைத்துத் தரம் பார்ப்பவர்களுக்கான சர்வதேச நியமமாகிய ஐ.எஸ்.ஓ. 3103, 100 மில்லிலீற்றர் நீருக்கு 2 கிராம் தேயிலையும் 6 நிமிடமும் என்கிறது. அது குறைகளும் வெளியே தெரியும்படி கடுமையாக ஊறவைக்கும் முறை. வீட்டில் குடிப்பதற்கு அவ்வளவு நேரம் தேவையில்லை.

சூடு: கறுப்புத் தேயிலைக்கு நீர் அப்போதுதான் கொதித்ததாக இருக்க வேண்டும். காலையில் பிளாஸ்கில் ஊற்றிய நீரை மாலையில் எடுத்தால் சாயம் சரியாக இறங்காது. உயரம் கூடக் கூட நீரின் கொதிநிலை குறையும் என்று பௌதிகவியலில் படிக்கிறோம். நுவரெலியாவில் நீர் சுமார் 94 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். அங்கே இலையைச் சற்றுக் கூடுதலாக ஊறவிடலாம்.

நேரம்: நான் பிழை விட்ட இடம் இதுதான். கொதித்த நீரை இலையின் மேல் ஊற்றி, மூடி, அடுப்பிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். “மூடி வெச்சிட்டு தூங்க விடோணும்” என்பார் உம்மும்மா. டஸ்டுக்கு இரண்டு நிமிடம், பீ.ஓ.பீ.க்கு மூன்று அல்லது நான்கு, பெரிய இலைக்கு ஐந்து. பிறகு இலையை நீரில் விட்டுவைக்காமல் உடனே வடித்துவிட வேண்டும்.

கஃபீனின் பெரும்பகுதி முதல் சில நிமிடங்களிலேயே கரைந்துவிடும். பொலிபீனோல்களோ தொடர்ந்து இறங்கிக்கொண்டே இருக்கும். அவை உமிழ்நீரிலுள்ள புரதங்களோடு பிணைவதால்தான் நாக்கு உலர்ந்து துவர்க்கிறது. கொதிக்க வைத்தால் இது இன்னும் கூடும். நல்ல மணமோ ஆவியோடு போய்விடும். என் தேத்தண்ணி கறுப்பாக இருந்தும் மணமில்லாமல் கசந்தது இதனால்தான். வாப்பாவுக்கு அது பிழையாகத் தெரியாததற்கும் காரணம் இருக்கிறது. அவர் பால் சேர்த்துக் குடிப்பவர். பாலிலுள்ள கேசீன் என்ற புரதம் பொலிபீனோலைப் பிடித்துக்கொள்வதால் துவர்ப்புக் குறைந்துவிடும். பிளேன்டி குடிக்கும் உம்மும்மாவின் நாக்குக்கு ஒளிவு மறைவு இல்லை.

பாத்திரம் பார்த்து வாங்குதல்

எங்கள் கண்ணாடி அலுமாரியில் உம்மும்மாவின் கலியாணத்துக்குக் கிடைத்த பீங்கான் டீ பொட் ஒன்று பூட்டிக் கிடந்தது. அன்று அதை வெளியே எடுக்கச் சொன்னார். நல்ல பொட் எப்படி இருக்க வேண்டும் என்பதை அதை வைத்தே காட்டினார்.

முதலில் நகத்தால் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்று ஒலித்தால் நல்லது. மந்தமாகக் கேட்டால் எங்கோ வெடிப்பு இருக்கலாம். ஊற்றும் குழாயின் வாய், பொட்டின் விளிம்பைவிடத் தாழ்வாக இருக்கக் கூடாது. தொடர்புள்ள பாத்திரங்களில் நீர்மட்டம் சமமாகவே நிற்கும் என்பதால் பொட் நிரம்புமுன் குழாயால் வழிந்துவிடும். சரிக்கும்போது மூடி விழாமல் நிற்க வேண்டும். கைபிடிக்குள் விரல்கள் சூடான உடலில் படாமல் நுழைய வேண்டும்.

மூடியிலுள்ள சிறு துளை அழகுக்கு வைத்ததல்ல. தேநீர் வெளியேறும் அளவுக்குக் காற்று உள்ளே வர வேண்டும். அந்தத் துளையை விரலால் அடைத்துக்கொண்டு ஊற்றிப் பாருங்கள், தேநீர் தடைப்படும். வளிமண்டல அமுக்கத்தைக் குசினியிலேயே பார்க்கலாம்.

மெருகிட்ட பீங்கானும் கண்ணாடியும் மணத்தைப் பிடித்து வைக்காது. துருப்பிடித்த இரும்புப் பாத்திரம் ஆகாது; தனின் இரும்போடு சேர்ந்து தேநீரைக் கறுப்பாக்கும். இலை ஊறும்போது விரியும் என்பதால், சிறிய உருண்டை வடியைவிட அகன்ற கூடை வடியே நல்லது. தேயிலை ஊற்றுமுன் பொட்டைச் சுடுநீரால் ஒருமுறை அலசிச் சூடாக்க வேண்டும். குளிர்ந்த பீங்கான் நீரின் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். திடீர்ச் சூட்டில் வெடிக்கவும் கூடும்.

நான் செய்த பிழை

அன்றிரவு பொட்டுக்குள் இருந்த பழைய கறையைப் பார்த்து, பானை தேய்க்கும் கம்பிச் சுருளால் உள்ளும் புறமும் நன்றாகத் தேய்த்துவிட்டேன். கறை போனது. விளிம்பிலிருந்த பொன் கோடும் பாதி போய்விட்டது. ஐம்பது வருடங்களுக்கு மேல் பாதுகாத்த பொருள்! அழுதுகொண்டே கொண்டுபோய்க் காட்டினேன். உம்மும்மா விரலால் அந்த விளிம்பைத் தடவிப் பார்த்தார். “பூட்டி வெச்சிருந்தா பொன் இருந்திருக்கும். தேத்தண்ணி இருந்திருக்காது” என்றார்.

நீங்கள் அந்தப் பிழையைச் செய்ய வேண்டாம். பேக்கிங் சோடாவைச் சிறிது நீரில் குழைத்து, மென்மையான துணியால் தேய்த்தாலே கறை போய்விடும். பொன் கோட்டில் அதுவும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குழாய்க்குள் சிறிய போத்தல் தூரிகை போதும். மணமுள்ள சவர்க்காரத்தைத் தவிர்த்து, கழுவியபின் மூடியைக் கழற்றிக் கவிழ்த்து உலரவிடுங்கள். கேத்தலுக்குள் படியும் வெண்படிவத்துக்கு வினாகிரி கலந்த நீரைச் சூடாக்கி, சற்று நேரம் வைத்துக் கழுவினால் சரி. தேயிலையைக் காற்றுப் புகாத டின்னில், கறித்தூள் இருக்கும் தட்டிலிருந்து தள்ளி வையுங்கள். அது பக்கத்திலுள்ள மணத்தை இழுத்துக்கொள்ளும்.

ஒரு வேண்டுகோள்

நம்மில் பலருக்குச் சோறு உண்டவுடன் தேநீர் குடிக்கும் பழக்கம் உண்டு. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்தை உடல் உறிஞ்சுவதைத் தேநீர் தடுக்கும். குருதிச்சோகை ஏற்படும் வாய்ப்பு அதிகமுள்ள நம் வயதுப் பெண்கள், சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணித்தியாலமாவது விடுவது நல்லது. பெற்றோரும் இதைக் கவனிக்க வேண்டும்.

இப்போது அஸருக்குப் பின் எங்கள் வீட்டில் பொன் கோடு அழிந்த அந்தப் பொட்தான் மேசைக்கு வருகிறது. வாப்பா பழைய கடையிலேயே மீண்டும் தேயிலை வாங்குகிறார். உம்மும்மாவின் கோப்பை வெறுமையாகத் திரும்புகிறது. சில நாட்களில் இன்னும் கொஞ்சம் கேட்கிறார்.

உங்கள் வீட்டிலும் மூத்தவர் ஒருவர் பாதிக் கோப்பையை மீதி வைத்தால், தேயிலையைக் குறை கூறுமுன் கேத்தலைத் திறந்து பாருங்கள். அவர் சொல்லாமல் விட்டது அதற்குள் கொதித்துக்கொண்டிருக்கலாம்.