ஒரு பாயிண்ட் எவ்வளவு?

திண்டுக்கல்லில் வீடு கட்டுகிறவர் எலக்ட்ரீஷியனிடம் முதலில் கேட்பது, ‘ஒரு பாயிண்ட் எவ்வளவு?’ என்பதைத்தான். லைட், ஃபேன், பிளக் ஒவ்வொன்றும் ஒரு பாயிண்ட். இரண்டு பேரிடம் விசாரித்து, குறைவாகச் சொன்னவரிடம் வேலையை ஒப்படைத்துவிடுவது வழக்கம். ஆனால் பாயிண்ட்டுக்குக் கிலோ, மீட்டர் போல நிலையான அளவு கிடையாது. ஒருவர் கூலியை மட்டும் சொல்லியிருப்பார். இன்னொருவர் பொருளையும் சேர்த்திருப்பார். மெயின் பெட்டியிலிருந்து ஸ்விட்ச் போர்டு வரை வரும் வயர், சுவரை வெட்டிப் பைப் பதிப்பது, அதைப் பூசுவது எல்லாம் அதில் அடக்கமா என்பதும் ஆளுக்கு ஆள் மாறும். பூட்டில் எத்தனை லீவர் என்று பார்க்காமல் அதன் விலையை ஒப்பிடாத இந்த ஊரில், வயரிங்கை மட்டும் சொல்லும் விலையை வைத்து முடிவு செய்வது பொருந்தாது.

விலையைக் குறைக்க எளிய இடம் செம்பு. 16 ஆம்பியர் பிளக்குக்குப் பொதுவாக 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் இழுப்பார்கள். அதற்குப் பதில் 1.5 போட்டால் செம்பில் 40 சதவீதம் மிச்சம். ஆனால் வயரின் மின்தடை மூன்றில் இரண்டு பங்கு கூடிவிடும். 2,000 வாட் கீசர் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் இழுக்கும்போது வயரில் உண்டாகும் சூடும் அதே விகிதத்தில் கூடும். பூச்சு முடிந்தபின் இது கண்ணுக்குத் தெரியாது. எர்த்திங்கும் அப்படித்தான். பாறையும் காய்ந்த மண்ணுமான இடத்தில் மின்தடை அதிகம் என்பதால் ஆழமான குழி, கரி, உப்பு, அவ்வப்போது தண்ணீர் எல்லாம் வேண்டியிருக்கும். சுமை மீறினால் துண்டிக்கும் எம்.சி.பி. வயரைக் காக்கும், ஆளைக் காக்க, மின்கசிவில் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. தனியாக வேண்டும். குறைந்த விலைக்காரர் இவற்றில் எதை விட்டிருக்கிறார் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

ஃபேன் மாட்டுவதற்குக்கூட எழுத்தில் விலை கேட்டால் யார் வருவார்கள் என்று கேட்கலாம். நியாயம்தான், சில்லறை வேலைக்கு வாய்ப்பேச்சே போதும். முழு வீட்டு வயரிங் வேறு. பழகின ஆள், நம்பிக்கை போதாதா என்றால், விவரம் எழுதப்படுவது அவருக்கும் நல்லது: பாதி வேலையில் வீட்டுக்காரர் இரண்டு பிளக் கூடுதலாகக் கேட்டால் அதற்கான கூலியைத் தயங்காமல் கேட்கலாம். எழுதிக் கொடுத்துவிட்டு வேறு பொருள் போட்டால்? வயர் மேலேயே ஐ.எஸ். 694 என்ற தர எண்ணும் அளவும் அச்சாகியிருக்கும். பைப்பில் இழுக்கும் முன் பார்த்துவிடலாம். ஆகவே பாயிண்ட் எண்ணிக்கை, வயர் அளவு, எர்த், ஆர்.சி.சி.பி., பூச்சு ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி இருவரிடமும் கொடுத்து விலை கேளுங்கள். அதன் பிறகும் ஒருவர் குறைவாகச் சொன்னால், அது உண்மையிலேயே குறைந்த விலை.