பரப்பு வானத்தில், ஆழம் பதிவேட்டில்

ஐரோப்பிய ஒன்றியத்தின் சென்டினல்-1 ரேடார் செயற்கைக்கோள் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறையேனும் புதுக்கோட்டை மாவட்டத்தைப் படம் பிடிக்கிறது. நகரத்தை ஒட்டிய கவிநாடு கண்மாய் முதல் மணமேல்குடிப் பக்கத்துச் சிறு குளங்கள் வரை அதில் பதிவாகின்றன. முதல் சென்டினல் 2014 ஏப்ரலில் ஏவப்பட்டது. அதற்குப் பிறகு சேர்ந்த படங்களை அறந்தாங்கியில் இருக்கும் ஒரு கல்லூரி மாணவி இன்றிரவே, காசு கொடுக்காமல், யாரிடமும் மனுப் போடாமல் இறக்கிக்கொள்ளலாம். அதே மாணவி, தன் ஊர்க் கண்மாயின் மடையருகே கடந்த பத்து ஆண்டுகளில் எத்தனை அடி தண்ணீர் நின்றது என்று அறிய விரும்பினால், எந்த அலுவலகத்தின் எந்தப் பதிவேட்டில் தேடுவது என்பதே முதல் கேள்வியாகிவிடும். எழுநூறு கிலோமீட்டர் உயரத்தில் ஐரோப்பியர் எடுத்த அளவு கைக்கு எட்டுகிறது. உள்ளூரில் நம்மவர் எடுத்த அளவு எட்டுவதில்லை. செயற்கைக்கோளுக்கு நமக்குப் பஞ்சமில்லை. எடுத்த அளவுகளை ஒன்றுசேர்த்துப் பொதுவில் வைக்கும் உடன்பாடுதான் இல்லை. அந்த உடன்பாடு வராதவரை வானத்திலிருந்து வரும் படங்களும் பாதிப் பயன்தான் தரும்.

ஏன் பாதி என்பதைப் புரிந்துகொள்ள, ரேடார் ஒரு கண்மாயை எப்படிப் பார்க்கிறது என்று பார்க்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அதாவது கண்மாய் நிரம்புகிற அதே மாதங்களில், வானத்தை மேகம் மூடியிருக்கும். சாதாரண ஒளிப்படம் எடுக்கும் செயற்கைக்கோள்களுக்கு அப்போது மேகத்தின் முதுகுதான் தெரியும். ரேடார் அலை மேகத்தை ஊடுருவிவிடும். சாய்வாக வந்து விழும் அந்த அலையை அமைதியான நீர்ப்பரப்பு மறுபக்கமாகத் தள்ளிவிடுவதால், திரும்பி வருவது மிகக் குறைவு. படத்தில் கண்மாய் கரும்பரப்பாகத் தெரிகிறது. ஆனால் கண்மாயின் உள்வாயில் சீமைக்கருவேலம் மண்டியிருந்தால் கதை வேறு. சென்டினல்-1 அலையின் நீளம் ஐந்தரை சென்டிமீட்டர் அளவுதான். அது இலைகளிலும் கிளைகளிலும் பட்டுச் சிதறித் திரும்பிவிடும். மரத்தடியில் முழங்கால் அளவுத் தண்ணீர் நின்றாலும் படத்தில் அது காடு போலவே இருக்கும். அமெரிக்காவும் இந்தியாவும் சேர்ந்து 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய நைசாரின் நீண்ட அலை, சுமார் 24 சென்டிமீட்டர், இந்த இலைத் திரையை ஓரளவு கடக்கும். அப்போதும் அந்த இடத்தில் கருவேலம் இருக்கிறதா, நாணல் இருக்கிறதா, வெறும் மேடா என்று ஊருக்குள்ளிருந்து ஒருவர் சொன்னால்தான் படத்தைப் படிப்பவர் தவறாமல் படிக்க முடியும்.

இதைவிடப் பெரிய குறை ஆழம். செயற்கைக்கோள் தருவது நீர்ப்பரப்பு. விவசாயிக்கு வேண்டியது நீரின் கொள்ளளவு. புதுக்கோட்டைக் கண்மாய்கள் பெரும்பாலும் சரிவு குறைந்த நிலத்தில் கரை போட்டு மறித்தவை. நீர்மட்டம் ஓர் அடி ஏறினால் பரப்பு பல ஏக்கர் விரியும். ஆகவே பரப்பை மட்டும் பார்த்துவிட்டு ‘கண்மாய் நிறைந்துவிட்டது’ என்று சொல்வது ஏமாற்றமாக முடியும். இதற்கு ஓர் எளிய வழி உண்டு. தை முதல் சித்திரை வரை தண்ணீர் வடிந்துகொண்டே வரும்போது ஒவ்வொரு படத்திலும் நீரின் விளிம்பு கொஞ்சம் உள்ளே நகர்ந்திருக்கும். ஒவ்வொரு விளிம்பும் கண்மாய்த் தரையின் ஒரு சமமட்டக் கோடு. அந்தந்த நாளில் மடையில் நின்ற நீர்மட்டத்தை அடிக்கணக்கில் யாராவது குறித்து வைத்திருந்தால், கோடுகளுக்கு உயரம் கிடைத்துவிடும். ஒரே கோடையில், ஒரு நில அளவைக் கருவியும் இறக்காமல், கண்மாயின் அடிப்பரப்பு முழுவதையும் வரைந்துவிடலாம். 2017-இல் குடிமராமத்து மீண்டும் தொடங்கிய பிறகு பல கண்மாய்களில் மண் எடுக்கப்பட்டுத் தரை மாறியிருக்கிறது. பழைய கொள்ளளவுக் கணக்கை இனி அப்படியே நம்ப முடியாது என்பதால் இது இன்னும் அவசியமாகிறது. மடையில் நின்றவர் குறித்த ஓர் எண் இல்லாவிட்டால், பல கோடி யூரோ செலவில் எடுத்த படத்திலிருந்து கொள்ளளவைக் கறக்க வழியில்லை.

அந்த எண்களும், அவற்றோடு சேர வேண்டிய மற்ற எண்களும் எங்கே இருக்கின்றன? ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கண்மாய்களும் குளங்களும் உள்ள மாவட்டம் இது. ஆயக்கட்டு நாற்பது ஹெக்டேருக்கு மேல் என்றால் நீர்வளத் துறை, அதற்குக் கீழ் என்றால் ஊராட்சி ஒன்றியம். ஆனால் தண்ணீருக்கு இந்த எல்லை தெரியாது. மேல்கண்மாயின் கலிங்கு பாய்ந்தால்தான் கீழ்க்கண்மாய்க்கு வரத்து. ஒரே சங்கிலியில் ஒரு கண்மாய் ஒன்றியத்துடையது, அடுத்தது துறையுடையது. மழை அளவு ஆதனக்கோட்டை, மழையூர், ஆயிங்குடி, காரையூர் என்று மழைமானிகள் வாரியாக வருவாய்த் துறை வழியே வருகிறது. நிலத்தடி நீர்மட்டத்தை மாநில அமைப்பு தன் கிணறுகளில் மாதந்தோறும், மத்திய நிலத்தடி நீர் வாரியம் தன் கிணறுகளில் ஆண்டுக்கு நான்கு முறையும் அளக்கின்றன. வரத்துப் பகுதியில் உள்ள தைலமரக் காடுகள் வனத் துறை சார்ந்த கணக்கில் இருக்கின்றன. எல்லோரும் உழைத்துத்தான் அளக்கிறார்கள். ஆனால் அந்த அளவுகளைச் சேர்க்கும் நூல் இல்லை. ஒரே கண்மாய்க்கு எல்லாத் துறைகளும் ஏற்கும் பொது எண் கூடப் புழக்கத்தில் இல்லை.

இதனால் என்ன இழப்பு என்பதற்குத் தைலமரப் பிரச்சினையே சாட்சி. தைலமரக் காடுகளில் மழைநீர் வெளியேறாதபடி போடப்படும் வரப்புகளாலும் குழிகளாலும் கண்மாய்களுக்கு வரத்து நின்றுவிட்டது என்று புதுக்கோட்டை விவசாயிகள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். வரத்துவாரி ஆக்கிரமிப்புதான் காரணம் என்பவர்களும் உண்டு, மழையின் போக்கே மாறிவிட்டது என்பவர்களும் உண்டு. இது கூட்டத்தில் குரல் உயர்த்தித் தீர்க்க வேண்டிய சண்டை அல்ல. மழைமானிகளின் நீண்ட தொடர், ஆண்டுவாரியாகத் தைலமரப் பரப்பு, கண்மாய் நீர்ப்பரப்பு ஆகிய மூன்றையும் ஒரே வரைபடத்தில் வைத்தால், ஒரே அளவு மழை பெய்த இரண்டு ஆண்டுகளில் தைலமரம் சூழ்ந்த கண்மாய்க்கும் சூழாத கண்மாய்க்கும் எவ்வளவு தண்ணீர் வந்தது என்று ஒப்பிடலாம். மரத்தின் பரப்பும் நீரின் பரப்பும் வானத்திலிருந்து கிடைத்துவிடுகின்றன. மற்றது நம்மிடம்தான் இருக்கிறது.

சிதறிக் கிடந்த அளவுகளைச் சேர்த்துப் பொதுவில் வைக்கும் இடத்துக்கு ஐரோப்பாவும் எளிதில் வந்துவிடவில்லை. டான்யூப் ஆறு பத்து நாடுகளைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. ஒவ்வொரு நாட்டுக்கும் தனி நீரியல் துறை, தனிப் பதிவு முறை. 2002 ஆகஸ்டில் எல்பேயும் டான்யூபும் பெருக்கெடுத்தபோது, மேல்நாட்டின் அளவு கீழ்நாட்டுக்கு உரிய நேரத்தில், ஒரே வடிவில் வந்து சேரவில்லை என்ற பாடம் கிடைத்தது. அதிலிருந்துதான் ஐரோப்பிய வெள்ள முன்னறிவிப்பு அமைப்பு உருவானது. 2012 முதல் அது முழு நடைமுறையில் இருக்கிறது. 2007-இல் வந்த ‘இன்ஸ்பயர்’ ஆணை, உறுப்பு நாடுகளின் அரசு அலுவலகங்கள் வைத்திருக்கும் புவியிடத் தகவல்களை ஒன்றோடொன்று பொருந்தும் வடிவில் தரச் சொன்னது. அந்த வரிசையில்தான் கோப்பர்நிகஸ் திட்டம் சென்டினல் படங்களை உலகுக்கே இலவசமாகத் திறந்துவிட்டது. ராக்கெட் விடத் தெரிந்த நாடுகள் பல உண்டு. முரண்பட்ட பல நாடுகளின் அலுவலகங்களை ஒரே பதிவு முறைக்கு இணங்கவைத்ததே இதில் நான் பெரிதாக மதிக்கும் சாதனை.

இந்தியா இதில் வெறும் வாங்குபவர் அல்ல. 2018 மார்ச்சில் விண்வெளித் துறையும் ஐரோப்பிய ஆணையமும் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, சென்டினல் படங்கள் இங்கே வர, ஓஷன்சாட்-2, ஸ்காட்சாட்-1, இன்சாட்-3டி போன்ற இந்தியச் செயற்கைக்கோள்களின் தகவல்கள் அங்கே போவதென்று முடிவானது. இந்தியாவின் தரைநிலைய அளவீடுகளைப் பகிர்வதும் அதில் உண்டு. உள்நாட்டில் 2012-இல் தேசியத் தரவுப் பகிர்வுக் கொள்கை வந்தது. 2016-இல் சுமார் 3,680 கோடி ரூபாயில் தேசிய நீரியல் திட்டம் ஒப்புதல் பெற்றது. 2023-இல் வெளியான முதல் நீர்நிலைக் கணக்கெடுப்பு நாடு முழுக்க 24 லட்சத்துக்கும் மேற்பட்ட நீர்நிலைகளைப் பதிவு செய்தது. தமிழகத்தில் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல். டெல்லியிலும் பெங்களூரிலும் கதவு திறந்திருக்கிறது. ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தின் அலமாரிதான் இன்னும் மூடியிருக்கிறது.

திறப்பதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் முதலாவது பாதுகாப்பு. கடலோர மாவட்டம், பாக் நீரிணையின் அக்கரையில் வேறு நாடு, எச்சரிக்கை நியாயமானதே. ஆனால் 2023 இந்திய விண்வெளிக் கொள்கையே ஐந்து மீட்டரும் அதைவிடப் பருமனான துல்லியமும் கொண்ட படங்களை இலவசமாகத் திறக்கச் சொல்கிறது. ஒரு கண்மாயின் நீர்மட்டம் ஐந்தடியா ஆறடியா என்பதில் எந்த ராணுவ ரகசியமும் இல்லை. இரண்டாவது, விற்றால் வருமானம் வருமே என்பது. அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் அனுபவம் இதற்குப் பதில் சொல்கிறது. ஒரு படம் சுமார் 600 டாலர் என்று அமெரிக்கா விற்ற காலத்தில், மிக நன்றாக விற்ற 2001-இலும் ஆண்டு முழுக்கப் போனது ஏறத்தாழ 25,000 படங்கள். 2008-இல் தொகுப்பை இலவசமாக்கியதும் எண்ணிக்கை ஆண்டுக்குப் பத்து லட்சத்தைத் தாண்டியது. விலை வைத்திருந்தவரை, மக்கள் வரிப்பணத்தில் எடுத்த படம் பெட்டியில் தூங்கியது.

மூன்றாவது எதிர்ப்பை நான் இன்னும் கவனமாக எடுத்துக்கொள்கிறேன். எந்த இடத்தில் நீர்மட்டம் உயர்ந்திருக்கிறது என்று வெளியிட்டால், பணம் உள்ளவர் அங்கேயே ஆழ்துளை போடுவார் என்ற அச்சம் அது. ஆலங்குடி, கறம்பக்குடிப் பக்கத்து வண்டல், மணற்பாறைப் படுகைகளில் கிணறுகள் எவ்வளவு ஆழம் போய்விட்டன என்பதைப் பார்த்தவர்கள் இதைக் கற்பனை என்று தள்ளமாட்டார்கள். ஆனால் ஆழ்துளை போடுகிறவருக்கு அரசுப் பதிவேடு தேவையில்லை. பக்கத்துத் தோட்டத்தில் எத்தனை அடியில் தண்ணீர் வந்தது என்று வண்டிக்காரரே சொல்லிவிடுவார். தகவல் மறைவதால் இழப்பவர், தன் கிணறு ஏன் வற்றியது என்று நிரூபிக்க முடியாமல் நிற்கும் சிறு விவசாயிதான். இதில் வானத்தை நம்பவும் முடியாது. நிலத்தடி நீரின் எடையையே ஈர்ப்பு விசை மூலம் உணரும் கிரேஸ் செயற்கைக்கோள்கள் லட்சம் சதுர கிலோமீட்டர் அளவிலான பரப்பைத்தான் தெளிவாகப் பார்க்கும். புதுக்கோட்டை மாவட்டம் 4,663 சதுர கிலோமீட்டர். கிணற்றில் கயிறு விட்டு அளந்தால்தான் உண்டு. தனிநபர் பெயரையும் சர்வே எண்ணையும் நீக்கிவிட்டு நீர்மட்டத்தை மட்டும் வெளியிடுவதும் கடினமில்லை.

பதிவுகளில் பிழை இருக்கும், வெளியிட்டால் குழப்பம் என்பார்கள். பிழை இருக்கும்தான். மழைமானி வழிந்திருக்கும், விடுமுறை நாளில் அளவு விட்டுப்போயிருக்கும். பலர் பார்க்கும்போதுதான் அவை பிடிபடும். மடையில் எட்டடி என்று எழுதிய நாளில் ரேடார் படத்தில் பாதிக் கண்மாய் வறண்டிருந்தால், எண் தவறு என்று அன்றே தெரிந்துவிடும்.

தரவு சேர்ந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. 2021 ஜூலையில் ஜெர்மனியிலும் பெல்ஜியத்திலும் வந்த வெள்ளத்தில் இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஐரோப்பிய அமைப்பு சில நாட்களுக்கு முன்பே எச்சரித்திருந்தது. ஆர் ஆற்றின் கரையிலிருந்த வீடுகளுக்கு அது உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை. ஆகவே இங்கே செய்வதானால் கடைசிக் கண்ணியையும் சேர்த்தே செய்ய வேண்டும். தை மாதம் கண்மாயில் இருக்கும் நீர் எத்தனை ஏக்கருக்கு எத்தனை நாள் வரும் என்ற கணக்கு, ஆயக்கட்டுதாரர்கள் கூடி எந்த மடையைத் திறப்பது என்று முடிவு செய்யும் அன்று, தமிழில், ஏக்கரிலும் அடியிலும் அவர்கள் கையில் இருக்க வேண்டும்.

தொடங்குவதற்குப் பெரிய நிதி வேண்டாம். ஒரே சங்கிலியில் உள்ள பத்துப் பதினைந்து கண்மாய்களைத் தேர்ந்தெடுத்து, இரண்டு துறைகளும் ஏற்கும் ஒரே எண்ணை ஒவ்வொன்றுக்கும் கொடுத்து, மடையருகே அடிக்கோல் நட்டு, சென்டினல் கடக்கும் நாளில் நீர்மட்டத்தைக் குறித்தால் போதும். சென்டினல் எந்த நாளில் கடக்கும் என்பது முன்கூட்டியே வெளியாகிறது. அடிக்கோல் நடுவதற்குக் கண்மாய் வறண்டிருக்க வேண்டும்; அதற்கு வைகாசி, ஆனி மாதங்கள்தான் வாய்ப்பு. ஐப்பசியில் மழை இறங்கிவிட்டால் அடுத்த கோடை வரை காத்திருக்க வேண்டியதுதான்.