வீட்டு அடுப்பில் வார்க்கும் ஈயக் குண்டு: சட்டம் ஒருபுறம், நஞ்சு மறுபுறம்

புதுதில்லி: இரும்பையோ செம்பையோ உருக்க உலைக்களம் வேண்டும். ஈயம் 327 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். வீட்டு அடுப்பும் ஓர் இரும்புக் கரண்டியும் போதும். குழல் வாய் வழியே மருந்தும் குண்டும் திணித்துச் சுடும் பழைய துப்பாக்கிகள் புழங்கிய இடங்களில் குண்டு வார்ப்பு வீட்டு வேலையாகவே இருந்ததற்கு இதுவே காரணம்.

வேலை எளிது, பலன் எளிதன்று. அச்சு போதிய சூடேறாவிட்டால் குண்டின் மேல் சுருக்கம் விழும். கசடு நீக்காவிட்டால் பொத்தல் ஏற்பட்டு எடை மாறும். எடை மாறினால் குறி தப்பும். உருகிய ஈயத்துக்கு அடியில் துளி ஈரம் சிக்கினாலும் அது நொடியில் நீராவியாகி, ஈயத்தை முகத்தில் வாரியடிக்கும். எளிதில் கைக்குக் கிடைக்கும் பழைய பேட்டரி ஈயம் இதற்கு அறவே ஆகாது. அமிலம், ஆண்டிமனி, சில வேளை ஆர்செனிக்கும் அதில் உண்டு.

சட்டத்தின் நிலை என்ன? பயிர்ப் பாதுகாப்புக்காக இத்தகைய துப்பாக்கி வைத்துக்கொள்ள, உரிமம் பெறும் நிபந்தனையுடன், 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு இடமளிக்கிறது. காட்டுப்பன்றித் தொல்லையால் உத்தரகண்டின் சில மாவட்டங்களில் அதைத் தீங்குயிரியாக மத்திய அரசு 2016-இல் அறிவித்ததை நினைத்தால், இத்தேவை பழங்கதையன்று என்பது புரியும். ஆனால், வைத்திருப்பது வேறு, தயாரிப்பது வேறு. துப்பாக்கி, தோட்டா உற்பத்திக்கு 5-ஆவது பிரிவின்படி தனி உரிமம் வேண்டும். தோட்டாவின் பாகங்களும், அவற்றைத் தயாரிக்கும் சாதனங்களும்கூடச் சட்டத்தின் பார்வையில் தோட்டாவே. வேறு பாகங்களுடன் சேர்த்துப் பயன்படுத்தும் நோக்கமில்லாத சிறு பாகங்களுக்கு 45-ஆவது பிரிவு விலக்களிக்கிறது. வீட்டில் துப்பாக்கியும் இருந்தால் அந்த விலக்கை நம்புவது கடினம்.

2019 டிசம்பர் 9-ஆம் தேதி மக்களவையிலும், மறுநாள் மாநிலங்களவையிலும் நிறைவேறிய திருத்தம், உரிமமற்ற உற்பத்திக்குக் குறைந்தபட்சம் 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் என தண்டனையை உயர்த்தியது. குடியுரிமைத் திருத்த மசோதாவின் கொந்தளிப்பில் மூழ்கியிருந்த அந்த வாரத்தில் இதைக் கவனித்தவர்கள் சிலரே. ஒருவர் எத்தனை துப்பாக்கி வைத்திருக்கலாம் என்பதில்தான் உறுப்பினர்கள் அக்கறை காட்டினர்; ஒன்று என்றிருந்த முன்மொழிவு இரண்டாயிற்று. விவசாயியின் பயிர்க்காவல் துப்பாக்கிக்கு அப்படி வாதாட ஆளில்லை.

கர்நாடகத்தின் குடகில் நிலைமை வேறு. ஆங்கிலேயர் காலம் முதலே குடவர்களுக்கும் ஜம்மா நில உடைமையாளர்களுக்கும் துப்பாக்கி உரிமம் பெறுவதிலிருந்து விலக்கு உண்டு. கைல்போது விழாவில் ஆயுதங்களைப் பூஜிக்கின்றனர். புத்தரியில் கதிர் அறுக்கும்போது வானை நோக்கிச் சுடுகின்றனர். 2029 வரை நீட்டிக்கப்பட்ட இவ்விலக்கை 2021-இல் உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. எனினும், இது வைத்திருக்கும் உரிமையே தவிர உற்பத்தி உரிமை அன்று.

சட்டத்துக்கு அஞ்சாதவரும் ஈயத்துக்கு அஞ்சத்தான் வேண்டும். கசடும் தூசும் கையிலும் உடையிலும் ஒட்டிக் குழந்தைகளைச் சென்றடைகின்றன. அவர்களது மூளை வளர்ச்சி பாதிக்கப்படுகிறது. இந்தியாவில் 27.5 கோடிக் குழந்தைகளின் ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் இருப்பதாக யுனிசெஃப், பியூர் எர்த் அமைப்புகளின் 2020-ஆம் ஆண்டு அறிக்கை மதிப்பிட்டது. பழைய பேட்டரிகளை முறையின்றி உருக்குவதை அது முக்கியக் காரணமாகச் சுட்டியது. பேட்டரிக் கழிவு விதிகளை 2022-இல் வெளியிட்டது சுற்றுச்சூழல் அமைச்சகம். ஆயுத விதிகளோ உள்துறையின் பொறுப்பு. வீட்டு அடுப்பில் உருகும் ஈயம் இரண்டுக்கும் நடுவில் கிடக்கிறது.